மருத்துவர் பதில்கள்: தலைக்காயமும் படைவீரரின் எலும்பும்

சென்ற இதழில், வலிப்பு மாத்திரை உட்கொள்பவர்களுக்கு எலும்பு மெலியுமா என்று திருவல்லிக்கேணி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மெலியக்கூடும், வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் ஆவடி, பரங்கிமலை, நங்கநல்லூர், பல்லாவரம் பக்கங்களிலிருந்து முன்னாள் படைவீரர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 52. 2002-இல் காஷ்மீரில் அவர் சென்ற வண்டி கண்ணிவெடியில் சிக்கியதில் தலையில் பலத்த அடிபட்டுப் பதினொரு நாள் நினைவின்றிக் கிடந்தார். பிறகு ஐந்து மாதம் படுக்கையில் இருந்தார். லோ மெடிக்கல் (உடல்தகுதி குறைந்தவர் என்ற வகை) ஆகி, அலுவலக வேலையில் வைத்து, பின்னர் ஓய்வு கொடுத்தார்கள். வலிப்பு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் அன்று தொடங்கிய எப்டாய்ன் மாத்திரையை இன்றுவரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் குளியலறை வாசலில் சறுக்கி உட்கார்ந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர், முதுகெலும்பிலும் இரண்டு இடங்களில் பழைய நசுங்கல் இருப்பதாகவும், எலும்பு எண்பது வயதுக்காரருடையதைப் போல இருப்பதாகவும் சொன்னார். ‘தலைக்காயம் எப்போதோ ஆறிவிட்டது, அதற்கும் இதற்கும் என்ன?’ என்கிறார் என் கணவர். சம்பந்தம் உண்டா?
— வாசகி, ஆவடி

பதில்: உண்டு, அம்மா. தங்கள் கணவர் அப்படிக் கேட்பதில் தவறில்லை. மருத்துவர்களாகிய நாங்களே இவ்விரண்டையும் இரண்டு தனித்தனி ஃபைல்களில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம். தலைக்காயத்தின் ஃபைல் நரம்பியல் பிரிவோடு முடிந்துபோகிறது. மணிக்கட்டின் ஃபைல் எலும்புப் பிரிவில் புதிதாகத் தொடங்குகிறது. நடுவில் கழிந்த இருபது ஆண்டுகளையும் அறிந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

எலும்பு என்பது சுண்ணாம்புத் தூண் அன்று, உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும், அந்தப் பள்ளத்தைப் புது எலும்பால் நிரப்பும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பு மிஞ்சி நிரப்புதல் பின்தங்கினால் அடர்த்தி குறைகிறது. அதைத்தான் எலும்புப்புரை என்கிறோம். (எலும்புத் தேய்மானம் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் முழங்கால் மூட்டின் குருத்தெலும்புத் தேய்வைத்தான். அது வலிக்கும். எலும்புப்புரை முறியும்வரை வலிப்பதில்லை. மூட்டு வலி இல்லையென்பதால் எலும்பு உறுதியாக இருக்கிறது என்று நம்பி இருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.) இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான உத்தரவுகளில் பல, மூளையிலிருந்தும் அதன் அடியில் தொங்கும் ஒரு சிறு சுரப்பியிலிருந்தும் வருகின்றன என்பதே தங்கள் கேள்விக்கான பதிலின் மையம்.

அந்தச் சுரப்பிக்குப் பிட்யூட்டரி என்று பெயர். எடை அரை கிராம், அளவு ஏறக்குறைய ஒரு கொண்டைக்கடலை. மண்டையின் அடித்தளத்தில் ஓர் எலும்புக் கிண்ணத்துக்குள் அமர்ந்து, மெல்லிய ஒரு காம்பினால் மூளையோடு இணைந்திருக்கிறது. அதற்கு இரத்தம் வருவதும் பெரும்பாலும் அந்தக் காம்பின் வழியாகத்தான். தலை வேகமாகக் குலுங்கும்போது, அல்லது உள்ளே வீக்கம் ஏற்படும்போது, காம்பு இழுபட்டு நசுங்குவது எளிது. மிதமான, கடுமையான தலைக்காயம் பட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மாதங்கள் கழிந்த பின்னும் நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு ஏதேனும் ஒரு பிட்யூட்டரி ஹார்மோன் குறைந்திருந்தது. குறைவது வளர்ச்சி ஹார்மோனாக இருந்தால், பெரியவர்களுக்கும் எலும்பு புதுப்பிக்கப்படுவது மந்தமாகிவிடும். விதைப்பைக்கு உத்தரவிடும் ஹார்மோன்களாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் எலும்பைக் காக்கிறது. ஆகவே மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நேர்வது, வேறு வழியில், நாற்பது வயது ஆணுக்கும் நேர்ந்துவிடுகிறது. சோர்வு, ஆர்வமின்மை, தசை மெலிவு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, சவர இடைவெளி நீள்வது என்பன இதன் அடையாளங்கள். வீட்டில் இவற்றுக்கெல்லாம் ‘அடிபட்டதிலிருந்து அவர் முன்போல் இல்லை’ என்ற ஒரே விளக்கம் இருக்கும். கூச்சத்தினால் மருத்துவரிடம் இவை சொல்லப்படுவதே இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுத்தது அந்த ஐந்து மாதப் படுக்கை. தாங்கும் சுமைக்கு ஏற்பவே எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவைத்தார். சுமையே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை விண்வெளி வீரர்கள் காட்டினார்கள்: எடையற்ற நிலையில் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தியை இழக்கிறது, மாதவிடாய் நின்ற பெண் ஏறக்குறைய ஓராண்டில் இழப்பது அது. படுக்கையில் கிடக்கும் வீரரின் கதையும் ஏறத்தாழ அதுவே. ஒரு பக்கம் கைகால் வலுவிழந்திருந்தால் அந்தப் பக்கத்து எலும்பு இன்னும் அதிகமாக மெலியும். எழுந்து நடந்த பிறகு இழந்ததில் ஒரு பங்கு மீளும். முழுவதும் மீள்வது அரிது.

மூன்றாவது, அந்த மாத்திரை. எப்டாய்ன் என்ற பெயரில் கிடைக்கும் ஃபெனிடாயினும், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாசெபைன் ஆகியவையும் கல்லீரலிலுள்ள சில நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிகள் வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கின்றன. வைட்டமின் டி குறைந்தால் குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவது குறையும். இரத்தத்தில் அதன் அளவு இறங்காதிருக்க உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இருபது ஆண்டு காலம் நாள்தோறும் நடக்கும் சிறு கடன் இது.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கடுமையான தலைக்காயம் பட்டவருக்கு முதல் ஏழு நாள் ஃபெனிடாயின் கொடுத்தால் அந்த வாரத்தில் வரும் வலிப்பு குறைகிறது என்பதும், பின்னாளில் வரக்கூடிய வலிப்பை அது தடுப்பதில்லை என்பதும் 1990-இலேயே தெளிவானவை. அப்படியிருந்தும், ஒரு வாரத்துக்கெனத் தொடங்கிய மாத்திரை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால், சீட்டிலிருந்து சீட்டுக்குப் படியெடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தங்கள் கணவருடைய கதையும் அதுதானா என்று இங்கிருந்து சொல்ல இயலாது. மண்டையைத் துளைத்துக்கொண்டு சிதறல்கள் உள்ளே சென்றிருந்தால் கணக்கு வேறு: வியட்நாம் போரில் அத்தகைய காயம் பட்ட அமெரிக்க வீரர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலிப்பு வந்தது. ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் ‘இது இன்னும் தேவையா, எலும்பைக் கெடுக்காத வேறு மருந்துக்கு மாறலாமா’ என்று கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நரம்புகளுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. எலும்பைக் கட்டும் செல்களின் மேல், அட்ரினலின் வகை வேதிப்பொருள்களை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. தலைக்காயத்துக்குப் பின், உடலை ஆபத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் மிகையாகத் தூண்டப்படும்போது கட்டுமான வேலைக்குத் தடை விழுகிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இவற்றின் மேல், தள்ளாட்டமும் பார்வைக் குறைவும் சேர்ந்தால் ஆள் விழுகிறார். மனச்சோர்வும் புகையும் கேன்டீன் ரம்மும் சேர்ந்தால் எலும்பும் மெலிகிறது, விழுவதும் கூடுகிறது. கோட்டா இருக்கிறது என்பதற்காக வாங்கியே தீர வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியது. 2002-ஆம் ஆண்டின் ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் காகிதங்களையும் மருத்துவக் குழுவின் நடவடிக்கை நகலையும் தேடி எடுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும். முதுகெலும்பின் அந்த இரண்டு பழைய நசுங்கல்களும் எலும்புப்புரையால் வந்தவையா, அல்லது கண்ணிவெடி வண்டியை அடியிலிருந்து தூக்கி எறிந்த அன்றே வந்தவையா என்பதை அக்காலத்து எக்ஸ்ரே அறிக்கை ஒன்றே தீர்த்துவைக்கக்கூடும். சிகிச்சையும் அதைப் பொறுத்து மாறும். பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமாகிய இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்கில் மருத்துவ அலுவலரிடம் முழுக் கதையையும் சொல்லி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனுக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவருக்கும் பரிந்துரை கேளுங்கள். இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகியவற்றோடு, காலை பத்து மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், காலைக் கார்ட்டிசால் ஆகியவையும் வேண்டும். தைராய்டுக்கு, அதைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவது இங்கே போதாது. டி.எஸ்.எச். பிட்யூட்டரியிலிருந்தே வருவது, அந்தச் சுரப்பியே பழுதாகியிருந்தால், தைராய்டு உண்மையில் குறைந்திருக்கும்போதும் டி.எஸ்.எச். இயல்பாகவே காட்டும். தைராய்டே சுரக்கும் ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ராணுவத்தில் பணிபுரியும் என் தம்பி (வயது 29) விடுப்பில் வந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தான். நினைவு திரும்பிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்து வலது இடுப்பு வீங்கிச் சூடாகி, இப்போது காலை மடக்கவே முடியவில்லை. மூட்டைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். தலைக்காயத்தால் எலும்பு மெலியும் என்று சென்ற இதழில் படித்தேனே, இது எப்படி? உறவினர்கள் எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் அழைத்துவருகிறார்கள்.
— வாசகர், வேளச்சேரி

பதில்: சென்ற இதழில் நான் மாத்திரையைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தேன், தங்கள் குழப்பத்துக்கு அந்தச் சுருக்கமே காரணம். தலைக்காயத்தின் விசித்திரம் இதுதான்: இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு கரைகிறது, இருக்கக்கூடாத இடத்தில் முளைக்கிறது. தசைக்கும் தசைநாருக்கும் நடுவே உண்மையான எலும்பே, மஜ்ஜை உட்பட, உருவாகிவிடும். இடுப்பில்தான் அதிகம், முழங்கை, தோள், முழங்கால் ஆகியவை அடுத்து. நீண்ட நாள் நினைவிழப்பு, வென்டிலேட்டர், தசை விறைப்பு என்று மூன்றும் இருந்தவருக்கு வாய்ப்புக் கூடுதல். எலும்பு முறிவும் தலைக்காயமும் ஒருங்கே பட்டவர்களுக்கு முறிந்த இடத்தில் எலும்புத் திரள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் விரைவாகவும் கட்டுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்துவந்திருக்கிறார்கள். காயம்பட்ட மூளையிலிருந்தும் அதைச் சுற்றிய அழற்சியிலிருந்தும் இரத்தத்தில் கலக்கும் பொருள்கள், தசையில் உறங்கிக்கிடக்கும் மூலச் செல்களை எலும்புச் செல்களாக மாறத் தூண்டுகின்றன என்பதே இதற்கான முதன்மை விளக்கம். குண்டுவெடிப்புக் காயமும் இதையே செய்கிறது: இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் இழந்த அமெரிக்க வீரர்களை ஆராய்ந்தபோது, அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோரின் வெட்டுண்ட முனையில் இத்தகைய எலும்பு வளர்ந்திருந்தது. செயற்கைக் கால் பொருந்தாமல் போனதற்கு அது ஒரு பெரிய காரணம்.

தொடக்கத்தில் இது காலில் இரத்தம் உறைந்ததைப் போலவும் மூட்டில் சீழ் பிடித்ததைப் போலவும் தோன்றும். அவ்விரண்டும் இல்லையென்று உறுதிசெய்திருப்பார்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நாளையே கேளுங்கள். வலிநிவாரணி வகை மருந்துகளும் சில இடங்களில் குறைந்த அளவு கதிர்வீச்சும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றன. மூட்டு முற்றிலும் பூட்டிக்கொண்டால் அறுவை செய்து அகற்றலாம். ஆனால் அந்த எலும்பு முதிர்ந்து அடங்கும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள். அதற்குள் அவசரப்படுத்தாதீர்கள்.

உருவுவது வேண்டாம். இதில் எனக்குச் சமாதானப் பேச்சே இல்லை. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டைப் பலங்கொண்டு இழுத்தால் தசைக்குள் புதிதாகக் கசியும் இரத்தமே அடுத்த எலும்புக்கு விதையாகலாம். ஏற்கெனவே அடர்த்தி குறைந்த தொடையெலும்பு அந்த இழுப்பிலேயே முறிந்தும் போகலாம். சென்னையில் தெருவுக்குத் தெரு ‘புத்தூர் கட்டு’ப் பலகை தொங்குகிறது, சாதாரண சுளுக்குக்கு அங்கே போய் வந்தவர்கள் நல்லபடியாகவே சொல்லக்கூடும். இது சுளுக்கன்று. பிசியோதெரபிஸ்ட் வலியின் எல்லைக்குள் மெதுவாக அசைப்பதை மட்டும் விடாமல் செய்யுங்கள். கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்குரிய துறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். தம்பி பணியில் இருப்பதால் பரங்கிமலை ராணுவ மருத்துவமனைக்கும் முறைப்படி தகவல் போயிருக்க வேண்டும்.

கேள்வி: நான் பீரங்கிப் படையில் இருந்தவன், வயது 58. கார்கிலில் 1999-இல் போஃபர்ஸ் பீரங்கியோடு இருந்தேன். இளவயதில் ரெஜிமெண்டுக்காகக் குத்துச்சண்டையும் ஆடியிருக்கிறேன். பலமுறை தலை கிறுகிறுத்து, ஓரிரு நிமிடம் இடம் தெரியாமல் நின்றதுண்டு, மருத்துவமனையில் சேர்ந்ததில்லை. எனக்கும் எலும்புப் பரிசோதனை தேவையா?
— முன்னாள் படைவீரர், நங்கநல்லூர்

பதில்: ஐயா, தலைக்காயத்தின் கடுமையை அளக்க 1974 முதல் கிளாஸ்கோ அளவுகோல் என்ற ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது, 3 முதல் 15 வரை மதிப்பெண், அதில் 13-ம் அதற்கு மேலும் லேசான காயம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். தங்களுடையவை லேசான வகையில் அடங்கும். அமெரிக்கப் படையில் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு மூளைக் காயம் என்று கண்டறியப்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஐந்தில் நான்கு பேர் இதே வகையினர். அவர்களிலும் பெரும்பாலோர் அடிபட்டது போர்க்களத்தில் அல்ல. பயிற்சியிலும் வாகன விபத்திலும் விளையாட்டிலும்தான்.

எலும்பு மெலிவுக்கான சான்று கடுமையான காயங்களில்தான் உறுதியாக இருக்கிறது. ஒருமுறை தலை கிறுகிறுத்ததற்காக எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது பணத்துக்குக் கேடு. ஆனால் திரும்பத் திரும்ப விழும் குத்து வேறு செய்தி. குத்துச்சண்டை வீரர்களில் சிலருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்களுக்குப் பொதுவாக 70 வயதில் டெக்சா ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. 50 முதல் 69 வரை, வேறு காரணம் ஏதேனும் இருந்தால் மட்டும். ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவை: ஐம்பது வயதுக்குப் பின் சிறு இடறலில் ஏதேனும் எலும்பு முறிந்ததா? பணியில் சேர்ந்தபோது பதிவான உயரத்தைவிட இப்போது மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறதா? (படைவீரர்களிடம் எனக்குப் பிடித்த வசதி இது, இருபது வயதில் அளந்த உயரம் எழுத்தில் இருக்கும்.) ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்ததுண்டா? முன்பே சொன்ன சோர்வும் தசை மெலிவும் உண்டா? ஒன்றுக்கேனும் ஆம் என்றால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எலும்பு முறிவுக்கான வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டில் புகை, மது, பெற்றோரின் இடுப்பு முறிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். தலைக்காயத்தைக் கேட்கும் கட்டம் அதில் இல்லை. தாங்களாகச் சொன்னால்தான் உண்டு.

அறிக்கையில் டி-ஸ்கோர் என்ற எண், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட எண், -1-ம் அதற்கு மேலும் இருந்தால் இயல்பு, -2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. நடுவில் இருப்பது அடர்த்திக் குறைவு. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு அந்த எண்ணைப் பார்க்காமல், ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பார்க்க வேண்டும். வேளச்சேரி வாசகரும் தம்பிக்காக இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: தலையில் அடிபட்ட என் மகனுக்குத் தினமும் கேழ்வரகுக் கஞ்சியும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்கிறேன். காலை ஆறு மணி இளவெயிலில் உட்கார வைக்கிறேன். இது போதுமா?
— ஒரு தாய், கொளத்தூர்

பதில்: கேழ்வரகு நல்லது, தாயே, ஆனால் அளவைக் கணக்குப் பார்ப்போம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஒரு டம்ளர் கஞ்சிக்கு முப்பது கிராம் மாவுதான் போடுகிறோம். ஆக நூறு மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்நூறு கூடும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும், முருங்கைக்கீரையும், எள்ளுப்பொடியும் மீதியை நெருங்க உதவும். ஆட்டுக்கால் சூப்பில் சுவையும் தெம்பும் உண்டே தவிர, கால்சியம் சொற்பம். எலும்பைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து நீரில் அவ்வளவாக இறங்குவதில்லை. விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் தண்ணீர் போன்ற கஞ்சியைவிடச் சற்றுக் கெட்டியான கூழ் பாதுகாப்பு. பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

இளவெயிலைப் பொறுத்தவரை ஏமாற்றம்தான். வைட்டமின் டியை உண்டாக்கும் கதிர்கள் சூரியன் உச்சியை நெருங்கும்போதுதான் தரைக்குப் போதிய அளவில் வருகின்றன. ஆறு மணி வெயிலில் அவை மிகக் குறைவு, கண்ணாடிச் சன்னல் வழியாகப் பெரும்பாலும் வருவதே இல்லை. பதினொரு மணிக்கு மேல் கையும் காலும் படும்படி இருபது, முப்பது நிமிடம் மொட்டை மாடியில் இருக்கலாம். சித்திரை, வைகாசியில் இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, அம்மாதங்களில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரை எடுப்பவருக்கு வெயில் மட்டும் போதாது. இரத்தத்தில் அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருந்தாகவே கொடுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒன்று என்று எழுதித் தரும் அறுபதாயிரம் யூனிட் மருந்தை, சொன்ன வாரக் கணக்கு முடிந்த பின்னும் கடையில் வாங்கித் தொடராதீர்கள். அது மிகுந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. கால்சியம் மாத்திரையையும் ஃபெனிடாயினையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ளாமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

கேள்வி: தலையில் அடிபட்டவருக்கு எலும்புக்காக ஆண்டுக்கு ஒரு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். தாடை எலும்பு அழுகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாத்திரையே போதாதா?
— வாசகி, பல்லாவரம்

பதில்: வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை நல்ல மருந்துதான். ஆனால் அதை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். ஞாபகமறதியும் விழுங்குவதில் சிரமமும் உள்ள தலைக்காயக்காரரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சிரையில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலத்தைத் தங்கள் மருத்துவர் தேர்ந்தெடுத்திருப்பது பொருத்தம் என்றே நினைக்கிறேன். அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாடும் வைட்டமின் டி அளவும் சரியாக இருக்க வேண்டும். தாடைப் பாதிப்பு, புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை அதிக அளவில் அடிக்கடி ஏற்றுபவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. எலும்புப்புரைக்கான அளவில் மிக அரிது. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் ஊசிக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் தவணையைத் தவறவிடாதீர்கள்; திடீரென விட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியதுண்டு. ஹார்மோன் குறைவு கண்டறியப்பட்டால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்; அடைப்பில்லாத தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பயனில்லை.

கேள்வி: தலைக்காயத்துக்குப் பின் எனக்கு நடை சற்றுத் தள்ளாடும். எலும்புக்கு நல்லது என்று தினமும் மெரினா மணலில் நடக்கிறேன். சரியா?
— முன்னாள் படைவீரர், மயிலாப்பூர்

பதில்: நடப்பது சரி, மணல் சரியன்று. பாதம் புதையும்போது சமநிலைக்கு மூளை இரு மடங்கு வேலை செய்ய வேண்டும். அந்த மூளைதான் அடிபட்டிருக்கிறது. உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரையிலான நடைபாதையில், விடிந்து வெளிச்சம் வந்த பின், ஒருவர் துணையோடு நடங்கள். நடையோடு, நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலுக் கொடுக்கும். படி இறங்கும்போது தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் சேர்த்துப் போடும் பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படியை மங்கலாகக் காட்டும். நடப்பதற்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கைத்தடி பிடிக்க வெட்கப்படுவீர்கள் என்று தெரியும், படையில் இருந்த யாரும் என் அறையில் அதை முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டதில்லை. இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் என்று சொன்ன பிறகே கையை நீட்டுவார்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஒன்றைச் சுவரில் துளையிட்டுப் பொருத்திவிடுங்கள். துண்டு மாட்டும் கம்பி உங்கள் எடையைத் தாங்காது.